மெரூனுக்கு மேல் சில்வர்

மஞ்சள் கல்லின் பெயிண்டை உரித்து முடித்த காலையில், உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்த பெயிண்டரின் முன்பற்கள் இரண்டும் கழன்று பால் டம்ளருக்குள் விழுந்தன. அதே நேரத்தில் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் வாயில், பல வருஷமாகக் காலியாகக் கிடந்த இடத்தில், இரண்டு பற்கள் வந்து உட்கார்ந்திருந்தன. அவள் நாக்கால் தடவிப் பார்த்தாள். சந்தேகம் தீராமல் கையிலிருந்த வெங்காயத்தையே ஒரு கடி கடித்துப் பார்த்தாள். பால் வீணாகிவிட்டதே என்பதுதான் வீட்டில் முதலில் எழுந்த பேச்சு. பால் விலை அந்த வாரம்தான் ஏறியிருந்தது.

அது பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் குடியிருந்த தெரு. பட்டறையில் மிச்சமாகும் பெயிண்ட் டப்பாக்கள் ஆளுக்கொன்றாக வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே மாடிப்படி, மதில், கேட், தண்ணீர்த் தொட்டி எல்லாமே அந்தந்த வருஷத்து பஸ்ஸின் நிறத்தில் இருக்கும். புதிதாகத் தெருவுக்கு வருகிறவர்கள், "என்னமா வச்சிருக்காங்க பாரு வீட்ட" என்று வாய் பிளப்பார்கள். இருக்கிறவர்களுக்கு விஷயம் தெரியும். எந்த வீடு புதுசாகப் பளபளத்ததோ அந்த வீட்டுப் பெண் இரண்டு நாளைக்கு வெளியே தலைகாட்ட மாட்டாள். "பெயிண்ட் வாசம் வருதே" என்று ஒருத்தி சொல்வாள். "ஆமா" என்பாள் இன்னொருத்தி. அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் வளர்ப்பதில்லை.

பெயிண்டருக்குக் கை அப்படியொரு கை. முப்பதடி நீள பஸ்ஸின் பக்கவாட்டில் நூல் பிடிக்காமல், ஸ்கேல் வைக்காமல், ஒரே மூச்சில் கோடு இழுப்பார்; ஒரு மயிரிழை விலகாது. பட்டறை முதலாளியே வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டுவார். அந்தக் கைதான் வீட்டுக்கு வந்ததும் வேறு வேலை பார்த்தது. சமையலறைக் கதவிலிருந்து குழாயடி வரை தோட்டத்தில் சதுரக் கற்கள் பாவியிருந்தன. மனைவி எந்தக் கல்லில் விழுந்தாளோ அந்தக் கல்லை மறுநாள் காலையில் கழுவி, காயவிட்டு, இரண்டு கோட் எனாமல் அடித்துவிடுவார். மஞ்சள் வருஷத்தில் சாப்பாட்டுக் கேரியரால் அவள் வாயில் ஓங்கி அடித்தார். நீல வருஷத்தில் அவள் விரல்கள் கேட்டுக்குள் இருக்கும்போதே கேட்டைச் சாத்தினார். ஆரஞ்சு வருஷத்தில், பழைய பெயிண்டைச் சுட்டு உரிக்கிற நெருப்புக் குழாயை அவள் முழங்கையில் வைத்து, அவள் கத்தி முடிக்கும்வரை எடுக்கவில்லை. பச்சை வருஷத்தில் பள்ளிக்கூட உடுப்போடு குறுக்கே வந்து விழுந்த மகளின் தோள்பட்டை எலும்பு போயிற்று. பெயிண்ட் பூசிய காயங்கள் எதுவும் சரியாக ஆறவில்லை. அம்மாவின் விரல்கள் கோணலாகவே நின்றுவிட்டன, மகளின் வலது கை தோளுக்கு மேல் போகாது. கல் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது.

கடைசிக் கல் குழாயடியில் இருந்தது. மெரூன் வருஷத்தில் ஒரு சாயங்காலம் பெயிண்டர் மனைவியின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து, அவள் தலையைக் குழாய்மேடையில் மோதினார். ஒரு தடவையோடு விட்டிருந்தால் வீக்கத்தோடு போயிருக்கும், அவர் விடவில்லை. மறுநாள் ஊருக்கெல்லாம் விடிந்தது, அவளுக்கு விடியவில்லை. இரண்டு கண்ணும் போயிருந்தது. மகள் அப்போது பஸ் கண்டக்டர். வெளியூர் டிரிப் முடிந்து மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா தலையில் கட்டோடு உட்கார்ந்து, எதிரில் இருந்த தண்ணீர் டம்ளரைக் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். டம்ளர் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். தோட்டத்தில் அப்பா குந்தி உட்கார்ந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, குழாயடிக் கல்லுக்கு மெரூன் அடித்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "காயறதுக்குள்ள மிதிச்சுத் தொலைக்காத" என்றார்.

கண்டக்டருக்கு அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த ஜாக்கி ராடை எடுத்துவந்து அவர் இடுப்பில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீட்டு வெல்டர் வரைக்கும் கேட்டது. ஈர மெரூன்மேல் குப்புற விழுந்தவரை அவள் இழுத்து அப்பால் போட்டபோது, கல்லில் அவர் உருவம் அப்படியே பதிந்திருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல், கைக்குக் கிடைத்த டப்பாவைத் திறந்தாள். பஸ் கூரைக்கு அடிக்கிற சில்வர். ஈரத்தின் மேலேயே அள்ளி அப்பினாள். இடுப்பு உடைந்து மண்ணில் கிடந்த நிலையிலும் பெயிண்டர், "ஈரத்து மேல அடிக்காதடி! வேலை நாசமாப் போயிடும்!" என்று கத்தினார். தொழில் பக்தி அப்படி. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். பெற்ற மகள் அடித்தாள் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவரும் அதையே சொன்னார். அன்று படுத்தவர்தான்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் அந்த வீட்டில் அடி உதை இல்லை. அம்மாவும் மகளும் அவருக்கு ஊட்டினார்கள், துடைத்தார்கள், புரட்டிப் போட்டார்கள். கண்டக்டர் கழுத்தில் கிடந்த விசில் வீட்டிலும் வேலை செய்தது. அம்மா தோட்டத்தில் நடக்கும்போது இரண்டு விசில் அடித்தால் போகலாம், ஒன்று அடித்தால் நிற்கவேண்டும். "என்ன பஸ்ஸாவே ஆக்கிட்டியேடி" என்பாள் அம்மா. ஆனாலும் அது அவளுக்குப் பிடித்திருந்தது. எனாமல் வெயிலில் கொப்புளம் விட்டு, மழையில் எண்ணெய் ஊற்றின மாதிரி வழுக்கும். ஒரு மழைநாளில் அம்மா மஞ்சள் கல்லில் சறுக்கி முட்டியை உடைத்துக்கொள்ள இருந்தாள். அதனால்தான் கண்டக்டர் பெயிண்ட் ரிமூவரும் பட்டித் தகடும் கம்பி பிரஷ்ஷும் வாங்கிவந்தாள். வேறு எந்த எண்ணமும் அவளுக்கு இல்லை. ரிமூவரைத் தடவி, பெயிண்ட் சுருங்கி எழும்பும்வரை காத்திருந்து, தகட்டால் வழித்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மஞ்சளுக்கு அடியில் கல் சாம்பல் நிறத்தில் இருந்தது. அப்போதுதான் உள்ளே பல் விழுந்தது.

அடுத்த லீவு நாளில் நீலத்தை உரித்தாள். கம்பி பிரஷ் கடைசித் தடவை ஓடியதும் உள்ளறையில் நாலு விரல் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தது. காய்ந்த குச்சியை ஒடிக்கிற சத்தம். கிழவர் போட்ட கூச்சலில் தெருக்கோடி நாய்கள் குரைத்தன. சமையலறையில் அம்மா, நேராகிவிட்ட விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப நாளாகப் பிடிக்கமுடியாமல் கிடந்த ஊசியில் நூலைக் கோத்துத் தரச் சொன்னாள். ஆரஞ்சை உரித்தபோது வீடு முழுக்கச் சதை பொசுங்கிய நாற்றம் வந்தது. பச்சையை உரித்தபோது கண்டக்டரின் வலது கை தானாக மேலே போயிற்று. மறுநாள் டிரிப்பில் அவள் கூரைக் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயணிகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோள் உடைந்த அப்பா சுவரைப் பார்த்தபடி முனகிக்கொண்டு கிடந்தார்.

அவளுக்குப் பாவமாக இருந்ததா என்று பிறகு சிலர் கேட்டார்கள். இல்லை. உள்ளபடி சொன்னால் இனித்தது. அவர் கத்தக் கத்த அவள் கை இன்னும் அழுத்தித் தேய்த்தது. பச்சை வருஷத்தில் கத்தமுடியாமல் விழுங்கிய சத்தமெல்லாம் அவர் வாய் வழியாக வெளியே போகிறது என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்த டாக்டர், வயசானால் எலும்பு இப்படித்தான், தொட்டால் பொடிந்துவிடும் என்று மருந்து கொடுத்துப் போனார். வெல்டர் வீட்டம்மா மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, துணி காயப்போடுகிற சாக்கில், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு மாடிப்படி அந்த மாதம்தான் புதுசாகச் சிவப்பு அடித்திருந்தது.

மிச்சம் குழாயடிக் கல். அம்மாவின் கண் மெரூனில் இருந்தது. மெரூனுக்கு மேல் சில்வர். சில்வரில் இருந்தது கண்டக்டர் போட்ட அடி. அதை உரித்தால் அப்பாவின் இடுப்பு அவருக்குத் திரும்பிவிடும், முறிவு இவளுக்கு வந்துவிடும். அடிக்கிறவர் யார், எதற்காக அடித்தார் என்பதெல்லாம் கல்லுக்குத் தெரியாது. இடுப்பு போனால் கண்டக்டர் வேலை போயிற்று. ஓடுகிற பஸ்ஸில் நின்று டிக்கெட் கொடுக்க இடுப்பு வேண்டும். அதைவிடப் பெரிய பயம், அப்பா எழுந்துவிடுவார் என்பது. எழுந்தால் என்ன செய்வார் என்பதை அந்த வீட்டில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

பெயிண்டருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. எந்தக் கல்லில் எது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? பொக்கை வாயால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின்போதும் ஆரம்பித்துவிடுவார். "ஏன் அத மட்டும் விட்டுட்ட? உரி. உங்கம்மாவுக்குக் கண்ணு வேணாமா? எனக்கு இடுப்பு வேணும், அவளுக்குக் கண்ணு வேணும். உரிச்சுட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?" சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பார். கண்டக்டர் ஸ்பூனை அவர் வாய்க்குள் சற்று வேகமாகவே திணிப்பாள்.

அம்மா கேட்கவே இல்லை. "எனக்கு எதுக்குடி இனிமே கண்ணு? பாத்ததெல்லாம் போதும். நீ ஒழுங்கா வேலைக்குப் போ" என்று மறுபடி மறுபடி சொன்னாள். ஆனால் ஒரு நாள் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவள், முடியை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "முடி முரடா இருக்கே. நரை வந்துடுச்சாடி உனக்கு?" என்றாள். வந்திருந்தது. "இல்லம்மா" என்றாள் கண்டக்டர். அம்மா முடியை மூன்றாகப் பிரித்தாள். "என் மனசுல இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்து நீல யூனிஃபார்ம்தான் போட்டிருக்க நீ. மூஞ்சி மட்டும் நெனச்சா வரமாட்டேங்குது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பின்னலை முடிந்தாள். கண்டக்டர் எழுந்துபோய்க் குழாயடிக் கல்லைப் பார்த்தாள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

அவள் போட்ட திட்டம் இது. ஈரத்தின்மேல் அடித்தது நல்லதாகப் போயிற்று. மெரூனும் சில்வரும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். ரிமூவரை இரண்டு மடங்கு தடவினால் இரண்டும் ஒரே வழிப்பில் வந்துவிடும். அவருக்கு இடுப்பு வரும் அதே நொடியில் கண் போய்விடும். கண் தெரியாதவரைச் சமாளித்துக்கொள்ளலாம். பட்டறைத் தெருவில் பிறந்தவளுக்குப் புத்தி இப்படிப் போயிருக்கக்கூடாதுதான். ஆனால் அவள் பிரஷ் பிடித்தது வாழ்க்கையிலேயே ஒரு தடவை. லீவு நாள் காலையில் அம்மாவைச் சமையலறைப் படியில் உட்காரவைத்து, கையில் ஒரு கிண்ணம் வறுத்த கடலையும் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போனாள். ரிமூவர் தடவினாள். சில்வர் சுருங்கியது. ஓரத்தில் தகட்டைக் கொடுத்து நெம்பினாள்.

சில்வர் மட்டும், காய்ச்சின பாலில் ஆடை எடுக்கிற மாதிரி, முழுசாகக் கழன்று வந்தது. அடியில் மெரூன் காயவே இல்லை. காற்றுப் படாமல் மூடி வைத்திருந்ததால், அடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே, அப்பாவின் உருவம் பதிந்தபடி, ஈரமாகப் பளபளத்தது. அவள் தகட்டால் வழித்தாள். மெரூன் வழிந்து பின்னாலேயே மூடிக்கொண்டது. இன்னொரு தடவை வழிப்பதற்குள் அவள் இடுப்புக்குள் ஜாக்கி ராட் இறங்கியது. தான் எவ்வளவு வேகமாக அடித்திருந்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கவாட்டில் சாய்ந்தாள்; இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் ஒரு சிரிப்பு. "ஈரத்து மேல அடிக்காதன்னு அன்னிக்கே சொன்னனா இல்லையா!"

ஆறு வருஷத்துக்குப் பிறகு பெயிண்டர் நடந்தார். முன்பல் இல்லை, விரல் கோணல், முழங்கை வெந்து கிடந்தது, ஒரு தோள் தொங்கியது. கால் மட்டும் இளவட்டத்தின் கால் மாதிரி இருந்தது. கதவுக்குப் பின்னால் ஜாக்கி ராட் அதே இடத்தில்தான் இருந்தது. அதை யாரும் எடுத்து அப்புறப்படுத்தத் தோன்றாமல் போனது இந்த வீட்டாரின் இன்னொரு தவறு. நல்ல கையால் அதை எடுத்துக்கொண்டு அவர் கூடத்தைத் தாண்டுகிற காலடிச் சத்தம் தோட்டத்தில் கேட்டது. கண்டக்டர் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வலியில் பேச மூச்சு இல்லை. விசிலுக்கு அவ்வளவு மூச்சு வேண்டாம். இரண்டு விசில் அடித்தாள்.

அம்மா எழுந்தாள். கடலைக் கிண்ணம் உருண்டது. இன்னும் இரண்டு விசில். அவள் கைகளையும் முட்டிகளையும் ஊன்றி, பெயிண்ட் உரித்த கற்களின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு, அந்த வயசுக்கு நம்பமுடியாத வேகத்தில் தவழ்ந்து வந்தாள். குழாயடிக்கு வந்ததும் ஒரு விசில். நின்றாள். உள்ளங்கையைக் கல்லில் வைத்தாள், மூக்கருகே கொண்டுபோனாள். நாற்பது வருஷம் பெயிண்டரோடு குடும்பம் நடத்தியவளுக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. "அடிப்பாவி, ஈரப் பெயிண்டை யாராவது சுரண்டுவாங்களா? துணி எங்கடி, தின்னர் எங்க?" என்றாள். ரிமூவரோடு கொண்டுவந்திருந்த தின்னர் டப்பாவைக் கண்டக்டர் கையால் தள்ளினாள். அது கவிழ்ந்து கல்லின் மேலேயே கொட்டியது. அம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

முதல் அடி அவள் முதுகில் விழுந்தது. அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. இரண்டாவது அடியில் விலா எலும்பு நொறுங்கியது. துண்டு ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. "என் கல்லுல கைய வைக்காதடி" என்று அவர் அலறினார். உருவத்தின் தலை அழிந்தது, தோள் அழிந்தது, இடுப்பு அழிந்தது. கண்டக்டர் கையை நீட்டி அப்பாவின் கணுக்காலைப் பிடித்துக் கடித்தாள். பல் எலும்பு வரை போயிற்று. அவர் உதறிவிட்டு, ராடை நல்ல கையால் தலைக்கு மேல் தூக்கி, அம்மாவின் உச்சந்தலைக்குக் குறிவைத்து இறக்கினார். அதற்குள் கல்லின் ஓரத்திலிருந்த கடைசிச் சொட்டு மெரூனும் துண்டில் ஏறிவிட்டது. ராட் ஒரு முழம் தள்ளி, வெறும் கல்லில் விழுந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அம்மா கண்ணால் பார்த்த முதல் விஷயம், அந்த இரும்பிலிருந்து பறந்த நெருப்புப் பொறி.

பெயிண்டர் நின்ற இடத்திலேயே சுற்றினார். "யாரு விளக்க அணைச்சது?" என்று கேட்டார். நல்ல வெயில் நேரம். அம்மா எழுந்து, அவர் கையிலிருந்து ராடை வாங்கினாள். அதை ஏந்திப் பார்த்தாள். அதில் தன் ரத்தம் இருந்ததையும் பார்த்தாள். பிறகு அவர் தலைக்கு மேல் தூக்கினாள். வெல்டர் வீட்டம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் ஈரத்துணியைப் பிடித்தபடி நின்றாள். அம்மாவின் கை மேலே போய் உச்சியில் நின்றபோது, தரையிலிருந்து ஒரு விசில் வந்தது. ஒன்றே ஒன்று.

அம்மா நின்றாள். குனிந்து மகளைப் பார்த்தாள். நரைத்த முடியும், ரத்தம் ஒட்டிய பல்லும், வாயில் விசிலுமாக ஒரு நடுவயசுப் பெண் கிடந்தாள். "நரை இல்லன்னு பொய்யா சொன்ன?" என்றாள் அம்மா. ராடைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மகளின் முகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஓவென்று அழுதாள்.

அம்மாவின் முதுகில் விழுந்த அடிகளுக்கு யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. ஆகையால் அவை சாதாரணக் காயங்களைப்போலக் கொஞ்ச நாளில் ஆறிப்போயின. கண்டக்டர் அதற்குப் பிறகு நடக்கவில்லை. பஸ் நிலையத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, பஸ்களை விசில் அடித்து வழியனுப்புகிற வேலையைக் கொடுத்தார்கள். யாராவது பரிதாபப்பட்டால், "ஒரு இடுப்புக்கு ரெண்டு கண்ணு. எனக்கு நஷ்டம் இல்ல" என்பாள்; சில நாள் அதைச் சொல்லிவிட்டு இடுப்பைத் தடவிக்கொள்வாள். பெயிண்டர் தினமும் காலையில் தோட்டத்துக் கற்களில் நடை பழகினார். ஓரத்துக்கு வந்தால் மனைவி உள்ளேயிருந்து ஒரு விசில் அடிப்பாள், அவர் நின்றுவிடுவார். தெருவில் அதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. மழைக்கு அந்தக் கற்கள் வழுக்காமல் இருந்ததைத்தான் நல்லபடியாகச் சொன்னார்கள்.

குழாயடிக் கல்லை உரித்த அடுத்த வாரமே வெல்டர் வீட்டம்மா, ஒரு கையைத் துணியால் கட்டித் தொங்கவிட்டபடி, இன்னொரு கையில் காலி டம்ளரோடு வந்தாள். ரிமூவர் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள், மாடிப்படிக்கு. அம்மா டப்பாவோடு எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்பி பிரஷ்ஷையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"மேல இருந்து ஆரம்பி" என்றாள்.